ராஜகிரி உச்சியில் ஒரு கணக்கு



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் குடும்பத்தோடு செஞ்சிக்குச் சென்றிருந்தோம். 2025ஆம் ஆண்டு ஜூலையில் மராட்டியப் படைத்தலங்களின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் செஞ்சிக் கோட்டை சேர்க்கப்பட்ட பின், அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் வீட்டில் அனைவருக்கும் இருந்தது. ஆர்க்காட்டு நவாப் சஅதத்துல்லாஹ் கான் பெயரால் 1717–18இல் கோட்டைக்குள் எழுந்த பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் ராஜகிரியில் ஏறினோம். சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஏறக்குறைய 800 அடி, அதாவது 240 மீட்டர் உயர்ந்து நிற்கும் பாறை அது. பெண்களும் முதியவர்களும் பாதி வழியில் நிழல் கண்ட இடத்தில் அமர்ந்துவிட்டார்கள்.

உச்சியில் நின்றபோது, பதினொன்றாம் வகுப்பில் பயிலும் என் தங்கை மகன் கைப்பேசியை நீட்டினான். பெருநாள் வாழ்த்துகளோடு வந்த செய்தி ஒன்று அதில் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முஸ்லிம் அறிஞர் அல்பீரூனீ ஒரே ஒரு மலையின் மேல் நின்று பூமியின் ஆரத்தை அளந்தார் என்றும், அவர் கண்ட அளவில் பதினேழு கிலோமீட்டர் மட்டுமே பிழை என்றும் அது கூறியது. “மாமா, இந்த மலையிலிருந்தும் அளக்கலாமா?” என்று கேட்டான்.

“தாராளமாக அளக்கலாம்” என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தப் பதினேழு கிலோமீட்டரை மதரஸா ஆண்டு விழா ஒன்றில் நானே ஒலிபெருக்கியில் முழங்கியவன். அன்றிரவு அவனுக்கு வழிமுறையை எழுதிக் காட்டலாம் என்று காகிதத்தோடு அமர்ந்தபோதுதான், நான் பெருமையோடு சொன்ன எண்ணை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை என்பது உறைத்தது. இக்கட்டுரை அந்த விழாவில் என் பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன்.

முதலில் வழிமுறையைப் பார்ப்போம். மலையுச்சியில் நின்று அடிவானத்தை நோக்கினால், பார்வை முற்றிலும் கிடைமட்டமாகச் செல்வதில்லை. சற்றே கீழிறங்கிச் செல்லும். பூமி உருண்டையாக இருப்பதே அதற்குக் காரணம். பார்வை எவ்வளவு இறங்குகிறது என்ற கோணத்தையும், மலையின் உயரத்தையும் அறிந்துவிட்டால் பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டுவிடலாம். கோணங்களைப் பாகைகளில் சொல்கிறோம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. ஒரு கலையை அறுபதாகப் பிரித்தால் ஒரு விகலை.

ஹிஜ்ரி 362இல், அதாவது கி.பி. 973இல், குவாரஸ்மில் பிறந்த அபூ ரைஹான் அல்பீரூனீ, 1017இல் மஹ்மூத் கஸ்னவியால் கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அதற்கு முன்பே ஜுர்ஜான் பகுதிச் சமவெளியில் பூமியை அளக்க முயன்று, துணை செய்வோர் இல்லாமல் கைவிட்டிருந்தார். அந்தத் தோல்வியை அவரே பதிவு செய்திருக்கிறார். பிறகு, இன்றைய பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் உள்ள நந்தனாக் கோட்டையில் தங்கியபோது, தெற்கே பரந்த சமவெளியை நோக்கி நிற்கும் மலை ஒன்று அவருக்குக் கிடைத்தது. மலையின் உயரம் 652 முழமும் சிறு பின்னமும். தசம முறையில் எழுதினால் 652.055. அடிவானத்தின் இறக்கம் 34 கலை. இவற்றைக் கொண்டு பூமியின் ஆரம் 1,28,03,337 முழம் என்று கண்டார்.

இனி அந்தப் பதினேழு கிலோமீட்டருக்கு வருவோம். பூமி ஒரே சீரான உருண்டை அன்று. துருவத்தை நோக்கிய ஆரம் 6,357 கிலோமீட்டர், நடுக்கோட்டில் 6,378, சராசரி 6,371. அல்பீரூனீயின் முழங்களைக் கிலோமீட்டராக மாற்றி ஏறக்குறைய 6,340 என்று சொல்பவர்கள், ஒப்பிடுவதற்குத் துருவ ஆரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால்தான் பதினேழு. சராசரியோடு ஒப்பிட்டால் முப்பத்தொன்றாகிவிடும். அவர் நின்றது துருவத்திலன்று, நந்தனாவில்.

அடுத்தது முழம். ஒரு முழம் 49.5 சென்டிமீட்டர் என்று கொண்டால்தான் 6,340 கிடைக்கும். அக்காலத்தில் வழங்கிய ‘கறுப்பு முழம்’ ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் என்ற கணிப்பும் உண்டு. அதைக் கொண்டால் ஆரம் 6,914 கிலோமீட்டராகிவிடும். ஒரே மனிதர், ஒரே மலை, ஒரே எண். நாம் எந்த முழத்தைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையில் 570 கிலோமீட்டருக்கு மேல் வேறுபாடு. வேண்டிய விடை வரும்படி முழத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விடை சரியாக வந்துவிட்டது என்று வியப்பது அளவை ஆகாது. அல்முதஃப்பிஃபீன் ஸூராவை ஓதுகிற நமக்கு, வாங்குவதற்கு ஒரு கோலும் கொடுப்பதற்கு ஒரு கோலும் வைத்துக்கொள்வதன் பொருள் தெரியும்.

மூன்றாவது, அந்த 34 கலை. கோணத்தில் ஒரே ஒரு கலை தவறினால் ஆரம் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மாறும். 33 என்றோ 35 என்றோ படித்திருந்தால் விடை முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். கையில் தொங்கும் அஸ்தர்லாபில் கலையின் பின்னத்தைப் படிப்பது எளிதன்று. பதினேழு கிலோமீட்டர் துல்லியம் வேண்டுமானால் கோணத்தை இருபதில் ஒரு கலைக்கும் நுட்பமாக அளந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை நெடுநேரம் விழித்திருக்கச் செய்தது நான்காவது. அல்பீரூனீயின் காலத்துக் கணக்குகள் அறுபதின் மடங்குகளில் நடந்தன. ஒன்றை அறுபதாகவும், அதை அறுபதாகவும், மீண்டும் அறுபதாகவும் பிரித்தால் மொத்தம் 2,16,000 கூறுகள். 34 கலைக்குரிய கோசைன் மதிப்பை அந்தக் கூறுகளில் எழுதினால் 2,15,989.44 வரும். பின்னத்தை விட்டுவிட்டால் 2,15,989. முழு எண்ணாக்கும் வழக்கப்படி அது சரியே. ஒரு கூறில் பாதிகூடத் தவறவில்லை. ஆனால் கணக்கின் அடுத்த படி, இந்த எண்ணை 2,16,000லிருந்து கழிப்பது. பின்னத்தோடு கழித்தால் மீதி 10.56, பின்னமின்றிக் கழித்தால் 11. இரண்டு லட்சத்தில் அற்பமாக இருந்த 0.44, பதினொன்றில் நூற்றுக்கு நான்கு பங்காகிவிடுகிறது. எடைமேடையில் லாரியை ஓட்டுநரோடு ஒருமுறையும், அவரை இறக்கிவிட்டு ஒருமுறையும் நிறுத்தி, வித்தியாசத்தைக் கொண்டு ஓட்டுநரின் எடையைக் கண்டுபிடிப்பது போன்றது இது. லாரியின் எடையில் பத்துக் கிலோ பொருட்டே இல்லை; ஓட்டுநரின் எடையில் அது பெரிய தவறு.

அவர் 11 என்றுதான் கொண்டார் என்பதைப் பிள்ளைகளும் சரிபார்க்கலாம். 652.055ஐ 2,16,000ஆல் பெருக்கி 11ஆல் வகுத்து, மலையின் உயரத்தைக் கழித்துப் பாருங்கள். 1,28,03,337 என்று, ஒரு முழம்கூடப் பிசகாமல், அவர் தந்த விடையே வரும். 10.56ஆல் வகுத்தால் விடை 1 கோடியே 33 லட்சத்தைத் தாண்டும். ஐந்து லட்சம் முழத்துக்கு மேற்பட்ட வேறுபாடு, வானத்திலிருந்தோ மலையிலிருந்தோ வரவில்லை. அட்டவணையின் கடைசி இலக்கத்திலிருந்து வந்தது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து அதை நம்மால் தேடிக் கண்டுபிடிக்க முடிவது, அவர் தம் எண்களை மறைக்காமல் ஒவ்வொரு படியாக எழுதி வைத்ததால்தான். கணக்கைக் காட்டாமல் விடையை மட்டும் விட்டுச் சென்றிருந்தால் இன்று எதையும் சரிபார்க்க இயலாது. பகிரப்படும் செய்திகளில் விடை மட்டும்தான் இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கலீஃபா மஃமூன் காலத்தில், ஏறக்குறைய 830இல், ஸிஞ்சார் சமவெளியில் வானியலாளர்கள் ஒரு பாகைத் தொலைவை நடந்து அளந்து 56⅔ மைல் என்று கண்டிருந்தார்கள். அக்கணக்கில் ஒரு மைல் என்பது 4,000 முழம். அல்பீரூனீயின் ஆரத்திலிருந்து ஒரு பாகைக்கு 55.9 மைல் கிடைக்கிறது. இரண்டும் நெருக்கமாக இருப்பது மனத்துக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் பின்னத்தை விடாமல் கணக்கிட்டிருந்தால் அவருக்கு ஏறக்குறைய 58.2 மைல் வந்திருக்கும். அதாவது, கணக்கின் பிழை அவரை எதிர்பார்த்த விடையின் அருகே கொண்டு சேர்த்தது. எதிர்பார்த்ததற்கு மாறாக வரும் விடையை யாரும் திரும்பப் பார்ப்பார்கள்; எதிர்பார்த்தபடி வந்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆய்வுக்கூடங்களில் இன்றும் இதே இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள்.

ஐந்தாவது காரணம் காற்று. அடிவானத்திலிருந்து வரும் ஒளி, அடர்த்தி மாறும் காற்றின் ஊடே சற்று வளைந்து வருகிறது. அதனால் அடிவானம் உள்ளதைவிட உயரத்தில் தோன்றும்; இறக்கக் கோணம் குறையும்; ஆரம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அல்பீரூனீயின் சமகாலத்தவரான இப்னுல் ஹைதம் தம் ஒளியியல் நூலின் ஏழாம் பகுதி முழுவதையும் ஒளிவிலகலுக்கே ஒதுக்கினார். ஆனால் நந்தனாவின் கணக்கில் காற்றுக்கு இடமில்லை. காற்று விடையை மேலே தள்ள, அட்டவணை கீழே இழுக்க, இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு விழுங்கியிருக்கின்றன.

ராஜகிரிக்கே இதைப் பொருத்திப் பார்த்தேன். 240 மீட்டர் உயரத்துக்குக் காற்றே இல்லையென்றால் அடிவானம் 29.8 கலை இறங்கித் தெரிய வேண்டும். காற்றின் வளைவால் அது ஏறக்குறைய 27½ கலையாகக் குறையும். அதை அப்படியே கணக்கில் இட்டால் பூமியின் ஆரம் 7,400 கிலோமீட்டரைத் தாண்டும். கருவியும் கண்ணும் கணக்கும் முற்றிலும் சரியாக இருந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் பிழை! எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் இது போகாது. கை நடுங்குவதால் வரும் பிழை இருபுறமும் சிதறுவது. பலமுறை அளந்தால் அது தேயும். காற்றால் வரும் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்வது. அதற்குக் காரணத்தைக் கண்டறிவதைத் தவிர வேறு மருந்தில்லை.

இப்படியெல்லாம் எழுதுவது முன்னோரைக் குறைத்துக் காட்டுவதாகாதா என்று வீட்டிலேயே கேட்டார்கள். அல்பீரூனீ தம் அளவையைப் பற்றி என்ன நினைத்தார் என்பதே அதற்குப் பதில். மஃமூனின் குழுவினர் கொண்ட முயற்சியும் கருவிகளும் தம்முடையவற்றைவிட மேலானவை என்று கருதி, அவர்களுடைய அளவையே பின்பற்றத்தக்கது என்று அவர் முடிவு செய்தார். மலைமேல் ஒரு மனிதர் தனியாகச் செய்துவிடக்கூடிய சோதனை என்பதுதான் அவர் முறையின் அழகு; தாம் கண்ட எண்ணே இறுதியானது என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. அவர் கோராத துல்லியத்தை அவர் பெயரில் நாம் கோரிக்கொண்டிருக்கிறோம்.

நம் மரபில் இதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. ஹதீஸ் கலையில் ‘இலல்’ என்றொரு துறை உண்டு. அறிவிப்பாளர்கள் அனைவரும் நம்பகமானவர்கள், தொடர் அறுபடவில்லை, மேலோட்டமாகப் பார்த்தால் குறையே இல்லை. அப்படிப்பட்ட அறிவிப்பில் மறைந்திருக்கும் பழுதைத் தேடுவதே அதன் வேலை. நல்லவரும் மறப்பார், இரண்டு செய்திகளை ஒன்றாகக் கலந்துவிடுவார் என்ற தெளிவோடு அவர்கள் இயங்கினார்கள். அல்பீரூனீ இளைஞராக இருந்தபோது, ஹிஜ்ரி 385இல் மறைந்த இமாம் தாரகுத்னீ, இத்துறையில் பெருநூல் ஒன்றை விட்டுச் சென்றார். பழுதைச் சுட்டிக்காட்டியது அறிவிப்பாளரின் மார்க்கப் பற்றைச் சந்தேகித்ததாக ஆகவில்லை. உழைத்து ஆராய்ந்து தீர்ப்பளித்தவர் தவறினாலும் அவருக்கு ஒரு கூலி உண்டு என்ற நபிமொழியை அறிந்த சமுதாயம் அல்லவா!

நந்தனாவிலிருந்து நம் ஊருக்கு வருவோம். செஞ்சி அமைந்திருப்பது வடக்கே 12 பாகை 15 கலையில். இதற்குச் சற்று வடக்கே, 12 பாகை 32 கலையை நடுவாகக் கொண்டு, பூமியின் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்பதை 1802 முதல் அளந்தவர் வில்லியம் லாம்டன். பின்னர் இமயம் வரை நீண்ட பெரும் முக்கோண அளவையின் முதல் அடிக்கோடு, சென்னைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் நீளத்துக்குப் போடப்பட்டது. வளைவின் தென்முனை கடலூரை அடுத்த திருவந்திபுரம். செஞ்சியின் அட்சரேகை அந்த இரு முனைகளுக்கும் நடுவே விழுகிறது.

நூறடி நீள எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டு செல்லப்பட்டு, ஏற்கப்படாமல் திரும்பிய பொருள்களுள் ஒன்று அது. ஏப்ரல் மாதத்துச் சென்னை வெயிலில் எஃகு நீளும். வெப்பம் ஒரு செல்சியஸ் கூடினால் நூறடிச் சங்கிலி ஏறக்குறைய 0.37 மில்லிமீட்டர் நீளும். பத்துப் பாகை கூடினால் 3.7 மில்லிமீட்டர். நானூறு முறை சங்கிலியை வைத்து அளக்கும்போது அது ஒன்றரை மீட்டராகச் சேர்ந்துவிடும். இது ஒரே பக்கம் சாயும் பிழை. ஆகையால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடாரத்தால் நிழல் செய்து, வெப்பமானிகளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நூறடிக்கும் திருத்தம் எழுதினார்கள். இழுக்க இழுக்கச் சங்கிலியின் கணுக்கள் தேய்ந்து நீளுமாதலால், வேறொரு சங்கிலியைத் தொடாமல் வைத்திருந்து அதனோடு ஒப்பிட்டார்கள்.

லாம்டன் கண்ட விடை ஒரு பாகைக்கு 60,494 ஃபாதம். ஆறடி ஒரு ஃபாதமாதலால், ஏறக்குறைய 110.63 கிலோமீட்டர். இன்றைய கணக்குக்கும் இதற்கும் சில மீட்டர்களே வேறுபாடு. ஆனால் அல்பீரூனீக்கு வைத்த உரைகல்லை லாம்டனுக்கும் வைக்க வேண்டும். அவர் இரு முனைகளின் அட்சரேகையை விண்மீன்களைப் பார்த்துத் தீர்மானித்தார். அதில் ஒரே ஒரு விகலை தவறினால் தரையில் 31 மீட்டர். ஆகவே அந்தச் சில மீட்டர் நெருக்கத்தில் ஒரு பங்கு உழைப்பால் வந்தது. ஒரு பங்கு, பிழைகள் எதிரெதிரே விழுந்ததால் வந்தது. கிழக்கில் என்றாலும் மேற்கில் என்றாலும் கணக்கின் நியதி ஒன்றே.

1808இல் தஞ்சையில் நடந்தது பலரும் அறிந்த கதை. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை, தென்னை மரங்கள் பார்வையை மறைத்தன. ஆகவே கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாக்கினார்கள். அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணங்கள் பொறித்த வட்டம் நசுங்கிவிட்டது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, ஆப்புகளாலும் திருகுகளாலும் வட்டத்தை இழுத்து நிமிர்த்தினார். அது மீண்டும் வட்டமாயிற்று. ஆனால் முன்பிருந்த அதே வட்டமா?

அந்த வட்டத்தின் விட்டம் மூன்றடி. அதன் விளிம்பில் ஒரு விகலை என்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியை விளிம்பில் குறுக்கே வைத்தால் அது முப்பது விகலையை மறைத்துவிடும். முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள குன்றை நோக்கும்போது ஒரு விகலை தவறினால் பக்கவாட்டில் பதினைந்து சென்டிமீட்டர் பிசகும். அடுத்த முக்கோணம் அந்தப் பிசகின் மேல்தான் எழும். கன்னியாகுமரியிலிருந்து இமயம் வரை முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கட்டிச் சென்ற பணியில், முழு நாட்டின் வரைபடமும் இந்த மெல்லிய கோடுகளின் மேல் நின்றது.

அந்தக் கருவிகளைப் பேணிய கைகளில் ஒன்று நம்மவருடையது. ஸையித் மீர் முஹ்ஸின் ஹுஸைன் ஆர்க்காட்டுக்காரர். சஅதத்துல்லாஹ் கான் நவாபாக வீற்றிருந்த அதே ஆர்க்காடு. சென்னையில் நகைக்கடை ஒன்றில் நுண்வேலை செய்துகொண்டிருந்தவரை, 1823 முதல் 1826 வரை சர்வேயர் ஜெனரலாக இருந்த வாலன்டைன் பிளாக்கர் கண்டெடுத்துக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது ஹென்றி பாரோ என்ற கருவி வல்லுநரும் உடன் வந்தார். அவரோடு பணிபுரிந்து, பழைய கருவிகளைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையில் முஹ்ஸின் ஹுஸைன் தேர்ந்தார். எவரெஸ்ட்டுக்கும் பாரோவுக்கும் ஒத்துப்போகவில்லை. பாரோ விலகிய பின், எவரெஸ்ட் தம் ஓய்வுக்கு முன் வற்புறுத்திப் பரிந்துரைத்ததால், 1843இல் கணிதக் கருவியாளர் என்ற பதவி ஆர்க்காட்டுக்காரருக்குக் கிடைத்தது. பிறர் வேலையில் எளிதில் நிறைவடையாத எவரெஸ்ட், இவருடைய திறமையை வியந்து எழுதியிருக்கிறார்.

நகைப்பட்டறையிலிருந்து வந்தவருக்கு அது ஏன் கைவந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். தட்டார் தராசில் காற்று பட்டால் முள் ஆடும் என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு கவனமாகப் பொறித்தாலும் வட்டத்தின் கோடுகள் சமதூரத்தில் அமையா, மையமும் மயிரிழை விலகியே இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுதான் அந்தப் பட்டறை வேலை செய்தது. அதனால் ஒரே கோணத்தை வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நுண்ணோக்கி வைத்துப் படித்தார்கள். வட்டத்தைத் திருப்பித் திருப்பி, வேறு வேறு கோட்டிலிருந்து தொடங்கி மீண்டும் அளந்தார்கள். ஒரு கோட்டின் குறை இன்னொரு கோட்டால் ஈடாகும். எவரெஸ்ட்டின் பெயர் சிகரத்தில் இருக்கிறது. முஹ்ஸின் ஹுஸைனின் பெயரை ஆர்க்காட்டில் பிறந்து வளர்ந்த என் நண்பர்கள்கூடக் கேள்விப்பட்டதில்லை. நானும் மதரஸா மேடையில் அவரைச் சொல்லவில்லை. பதினேழு கிலோமீட்டரைத்தான் சொன்னேன்.

இவ்வளவு கவனத்துக்குப் பின்னும் ஒரு பெரும்பிழை நெடுங்காலம் நின்றது. முக்கோணங்களெல்லாம் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையைத் தொடக்கமாகக் கொண்டவை. அது கிழக்கே 80 பாகை 17 கலை 21 விகலை என்று முன்னர் தீர்மானிக்கப்பட்டிருந்தது. தீர்க்கரேகை என்பது கிரீனிச்சுக்கும் நமக்கும் உள்ள நேர வேறுபாடே. தந்தி வராத காலத்தில் அந்த நேரத்தை வியாழனின் துணைக்கோள்கள் மறையும் கணம் போன்ற வான நிகழ்ச்சிகளைக் கொண்டுதான் அறிய முடிந்தது. துணைக்கோள் சட்டென மறைவதில்லை, மங்கி மங்கி மறையும்; சிறிய தொலைநோக்கியில் முன்னதாகவும் பெரியதில் பின்னதாகவும் மறையும். தந்தி வந்து நேரத்தை நேரடியாக ஒப்பிட முடிந்த பின், பழைய படங்களின் தீர்க்கரேகைகளில் 2 கலை 27 விகலையைக் கழிக்க வேண்டும் என்று தெரிந்தது. சென்னையில் அது நான்கு கிலோமீட்டருக்கும் மேல். ஊர்களுக்கிடையே உள்ள தொலைவுகள் சரியாகவே இருந்தன; நாடு முழுவதும் ஒன்றாகக் கிழக்கே நகர்ந்து உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஒருசேர நகர்ந்திருந்தால் உள்ளே இருந்து பார்ப்பவருக்குப் பிழை தெரியாது.

நேரக் கணக்கில் அந்த 2 கலை 27 விகலை ஏறக்குறைய பத்து நொடி. நம் தொழுகை அட்டவணைகளில் அதைவிடப் பெரிய கணக்கு உண்டு. செஞ்சி சென்னைக்கு மேற்கே ஏறக்குறைய 0.85 பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாதலால் சூரியன் இங்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம் பிந்தி உச்சியைக் கடக்கும். சென்னை அட்டவணையோடு மூன்றைக் கூட்டுவதா, நான்கைக் கூட்டுவதா? அல்பீரூனீயின் 10.56ஐப் போலவே இங்கும் ஒரு பின்னம் நிற்கிறது. நோன்பு திறப்பதற்குப் பேணுதலாக நான்கைக் கூட்டலாம். ஸஹர் முடிவுக்கு அதே நான்கைக் கூட்டினால் பேணுதல் எதிர்த்திசையில் போய்விடும். ஒரே எண்ணை எல்லா வக்துக்கும் கூட்டி அச்சிட்ட அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ராஜகிரியின் உச்சியில் நிற்பவருக்குக் கீழே இருப்பவரைவிடச் சூரியன் ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிந்தி மறையும், மேற்கே குன்றுகள் மறைக்காவிட்டால். அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கத்தின் மேல் இருப்பவர் எப்போது நோன்பு திறப்பது என்று ஹனஃபீ ஃபிக்ஹு நூல்கள் பேசியது இதைத்தான். ஊரார் திறக்கலாம், மேலே சூரியனைக் காண்பவர் காத்திருக்க வேண்டும் என்பது அங்கே தரப்பட்ட விடை. 2011இல் துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 80ஆம் மாடிக்கு மேல் இரண்டு நிமிடமும், 150க்கு மேல் மூன்று நிமிடமும் காத்திருக்குமாறு அங்குள்ள முஃப்தி சொன்னதும் அதே கணக்கு. அல்பீரூனீ நந்தனாவில் அளந்த அந்த இறக்கக் கோணமேதான்.

இவற்றையெல்லாம் தங்கை மகனுக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, நண்பர்களோடு அவன் மீண்டும் ராஜகிரி ஏறியிருக்கிறான். பள்ளிக் கோணமானியில் நூல் கட்டி, நூலில் கல் தொங்கவிட்டு, கிழக்கே சமவெளி முடியும் இடத்தை நோக்கியிருக்கிறான். நூல் அரைப் பாகையைக் காட்டியதாம். ஆனால் கோணமானியில் அதற்குக் கீழே கோடு இல்லை, காற்றில் நூலும் நிற்கவில்லை. ஆகவே இருபுறமும் கால் பாகை தவறியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டிருக்கிறான். பூமியின் ஆரம் 2,800 கிலோமீட்டருக்கும் 25,200 கிலோமீட்டருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று எழுதி, கணக்கின் எல்லாப் படிகளையும் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தான்.